பசி அடங்காத பிள்ளைகள்: சேத்துப்பட்டு அங்கன்வாடி சகோதரிகளுக்கு ஒரு திறந்த மடல்

சேத்துப்பட்டு வட்டாரத்து அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும் உதவியாளர்களுக்கும்,

ஊரில் உங்களை இன்னமும் பால்வாடி டீச்சர் என்றும் ஆயாம்மா என்றும்தான் கூப்பிடுகிறார்கள். மாதம் தவறாமல் பிள்ளைகளை எடை மிஷினில் நிறுத்தி, உயரம் அளந்து, பதிவேட்டில் எழுதி, செயலியிலும் ஏற்றுகிறீர்கள். இந்த வேலையை ஊரில் வேறு யாரும் செய்வதில்லை. டாக்டரிடம் குழந்தை காய்ச்சல் வந்தால்தான் போகும். உங்களிடம் நன்றாக இருக்கும்போதும் வருகிறது. அதனால்தான் இந்த மடலை டாக்டர்களுக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

எடை குறைந்த பிள்ளையைக் கண்டுபிடிக்க உங்களுக்கு நன்றாகப் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கினால் கூடுதல் சத்துமாவு, வீட்டுக்கே போய்ப் பார்ப்பது, தேவைப்பட்டால் ஆஸ்பத்திரி என்று எல்லாம் நடக்கிறது. 1975இல் ஐ.சி.டி.எஸ். திட்டம் தொடங்கியபோது நாட்டின் கவலை பசிதான். அந்தக் கவலை இன்றைக்கும் தீர்ந்துவிடவில்லை. ஆனால் அதே அட்டையில் கோடு மேலே மேலே ஏறினால் என்ன செய்கிறோம்? "நல்லா வளர்றான்" என்று தாயும் மகிழ்கிறாள், நாமும் பக்கத்தைத் திருப்பிவிடுகிறோம். தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளில் உயரத்துக்கு மீறிய எடை உள்ளவர்கள் 2015-16இல் 100க்கு 2.1 பேர். 2019-21இல் அது 3.4 ஆனது.

இவர்களில் பெரும்பாலோருக்குக் காரணம் சாப்பாடு, விளையாட்டு, வீட்டுச் சூழல். ஆனால் ஒரு சிலருக்கு, மிகச் சிலருக்கு, காரணம் பிறக்கும்போதே உடம்போடு வந்த மரபணுக் கோளாறு. அந்தச் சிலரைப் பற்றித்தான் இந்த மடல். ஊரார் வாயில் அதிகமாக அடிபடுபவர்களும், டாக்டர் கண்ணில் கடைசியாகப் படுபவர்களும் அவர்கள்தான்.

கொழுகொழு குழந்தையைக் கொண்டாடிய நம் பாட்டிமாரை நான் குறை சொல்ல மாட்டேன். 1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த வட ஆற்காட்டு மண்ணையும் விட்டுவைக்கவில்லை. அந்தத் தலைமுறைக்கும் அதற்கு அடுத்து வந்தவர்களுக்கும் சதை பிடித்த குழந்தை என்றால் பிழைத்துக்கொள்ளும் குழந்தை. அந்தக் கண்ணோடுதான் நாமும் குழந்தைகளைப் பார்க்கிறோம். அதனால் தாமதமாகிவிடுகிறது.

ஆரணிப் பக்கம் ஒரு நெசவாளர் வீட்டில் நான் பார்த்த பெண் குழந்தையைச் சொல்ல வேண்டும். வீட்டின் அடையாளம் எதையும் எழுத மாட்டேன். பாப்பாவுக்கு இரண்டரை வயது இருக்கும். கன்னம், கழுத்து, மணிக்கட்டு எல்லாம் மடிப்பு மடிப்பாக இருந்தது. பாவுக்குப் போடுவதற்காகக் காய்ச்சி ஆற வைத்திருந்த கஞ்சிச் சட்டியை இழுத்து வைத்துக்கொண்டு, இரண்டு கையாலும் அள்ளி அள்ளித் தின்றுகொண்டிருந்தது. அப்போதுதான் சோறு சாப்பிட்டு முடித்திருந்தது. தாய் சட்டியைப் பிடுங்கியதும் அது அழுத அழுகை, அடம் பிடிக்கிற குழந்தையின் அழுகை மாதிரி இல்லை. நாள் முழுக்கப் பட்டினி கிடந்த குழந்தையின் அழுகை. மாமியார் திண்ணையிலிருந்து சொன்னார்: "இவ பெத்த லட்சணம், வாய அடக்கத் தெரியல." ஒரு டாக்டரிடம் காட்டியிருக்கிறார்கள். "சோத்தைக் கொறைங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டாராம். அந்தக் குழந்தைக்கு என்ன கோளாறு என்று கடைசிவரை யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. ஒருவேளை கோளாறு எதுவும் இல்லாமலும் இருந்திருக்கலாம். ஆனால் பார்த்திருக்க வேண்டும்.

இப்படிப்பட்ட பசிக்கு உடம்பில் காரணம் உண்டு என்று உலகம் ஒப்புக்கொண்டு ஏறக்குறைய முப்பது வருஷம்தான் ஆகிறது. 1994இல் அமெரிக்காவில் ராக்ஃபெல்லர் பல்கலைக்கழகத்தின் ஜெஃப்ரி ஃப்ரீட்மன் குழு லெப்டின் சுரப்புக்கான மரபணுவை எலியிலும் மனிதரிலும் கண்டுபிடித்தது. உடம்பில் சேர்ந்திருக்கும் கொழுப்பே இந்தச் சுரப்பை இரத்தத்தில் விடுகிறது. "இருப்பு போதுமான அளவு இருக்கிறது" என்று அது மூளைக்குத் தெரிவிக்கிறது. அந்தச் செய்தி வராவிட்டால், உடம்பு எவ்வளவு பருத்திருந்தாலும், பஞ்சத்தில் இருக்கிறோம் என்றே மூளை நினைத்துக்கொள்ளும்.

மூன்று வருஷம் கழித்து, 1997இல், இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஸ்டீவன் ஓ'ராஹிலி, சதாஃப் ஃபரூக்கி ஆகியோரின் குழு இரண்டு குழந்தைகளைப் பற்றி எழுதியது. பாகிஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பம். தலைமுறை தலைமுறையாகச் சொந்தத்துக்குள்ளேயே கல்யாணம். எட்டு வயதுப் பெண்ணின் எடை 86 கிலோ. அவளுக்கு ஒன்றுவிட்ட தம்பி முறையாகும் இரண்டு வயதுப் பையன் 29 கிலோ. பிறக்கும்போது இரண்டு பேரும் சாதாரண எடைதான். இரத்தத்தைச் சோதித்தால் லெப்டின் ஏறக்குறைய இல்லவே இல்லை. அவ்வளவு கொழுப்பு இருக்கும் உடம்பில் அது ஏராளமாக இருந்திருக்க வேண்டும். மரபணுவைப் பிரித்துப் படித்ததில் ஒரே ஒரு எழுத்து விடுபட்டிருந்தது.

ஒரு எழுத்துக்கு இவ்வளவு விளைவா என்று நெசவு தெரிந்த நம் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். ஜக்காடு அட்டையில் ஒரு ஓட்டை தப்பிப் போனால், அந்த அட்டை சுற்றி வரும் ஒவ்வொரு முறையும் புட்டாவில் அதே இடத்தில் அதே பிசகு விழும். நெசவாளி எவ்வளவு கவனமாக நாடா ஓட்டினாலும் சரி, விலை உயர்ந்த பட்டு நூலைப் போட்டாலும் சரி. அங்கே நாம் நெசவாளியைத் திட்டுவதில்லை, அட்டையைத்தான் எடுத்துப் பார்க்கிறோம்.

கேம்பிரிட்ஜில் அந்தப் பெண்ணுக்கு லெப்டின் ஊசி போடத் தொடங்கினார்கள். 1999இல் வெளியான அறிக்கையில், ஒன்பது வயதில் 94.4 கிலோ இருந்தவள் ஒரே வருஷத்தில் 16.4 கிலோ குறைந்திருந்தாள். அதே குழுவிடம் சிகிச்சை பெற்ற ஒரு பையன் மூன்று வயதில் 42 கிலோ இருந்தான். ஏழு வயதில் 32 கிலோ. நான்கு வருஷம் வளர்ந்த பிறகு எடை பத்து கிலோ குறைவு. ஊசிக்கு முன்பு ஒரு குழந்தை ஒரே வேளையில் 1,125 கலோரி சாப்பிட்டது. ஊசிக்குப் பிறகு அதே குழந்தை 180 கலோரியில் தட்டைத் தள்ளி வைத்துவிட்டது. யாரும் அதை மிரட்டவில்லை, தட்டைப் பிடுங்கவில்லை. பசி அடங்கியது, அவ்வளவுதான்.

இந்தியாவிலும் பிறவி லெப்டின் குறைபாடு பதிவாகியிருக்கிறது. வடமேற்கு இந்தியாவைச் சேர்ந்த ஒரு கைக்குழந்தையைப் பற்றி 2018இல் மருத்துவர்கள் எழுதினார்கள். ஆனாலும் அது அரிதிலும் அரிது. அடுத்துச் சொல்ல வேண்டியது எம்.சி.4.ஆர். என்ற மரபணு. லெப்டின் கொண்டுவரும் செய்தியை மூளைக்குள் கடைசியில் வாங்கிக்கொள்ளும் வாசல்களில் ஒன்று இது. சிறு வயதிலேயே கடுமையாகப் பருமனாகும் 500 பேரை ஃபரூக்கி குழு சோதித்தபோது 100க்கு ஏறக்குறைய 6 பேருக்கு இதில் கோளாறு இருந்தது. 2021இல் பிரிட்டனின் பிரிஸ்டல் நகரத்துப் பிள்ளைகளைப் பற்றி வந்த ஆய்வு, பொதுமக்களிலேயே 340 பேருக்கு ஒருவர் என்று கணக்குச் சொன்னது. 18 வயதாகும்போது அவர்கள் மற்றவர்களைவிடச் சராசரியாக 17 கிலோ கூடுதல். இதற்குத் தாய் வழி ஒன்று, தகப்பன் வழி ஒன்று என வரும் மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டியதில்லை, ஒன்று போதும்.

உங்கள் பதிவேட்டிலேயே சிக்கக்கூடிய இரண்டு கோளாறுகளைச் சற்று நிதானமாகச் சொல்கிறேன்.

முதலாவது பிராடர்-வில்லி. 1956இல் சுவிட்சர்லாந்து மருத்துவர்கள் விவரித்தது. ஏறக்குறைய 15,000 முதல் 25,000 குழந்தைகளில் ஒருவருக்கு வரும். பிறந்த குழந்தை துணி பொம்மை மாதிரித் தொளதொளவென்று கிடக்கும். அழுகை மெல்லியது. மார்பில் வாய் வைத்து உறிஞ்சத் தெம்பு இருக்காது. சங்கிலும் பாலாடையிலும் வார்த்துத்தான் காப்பாற்றியிருப்பார்கள். முதல் வருஷம் அந்தக் குழந்தை உங்கள் எடை குறைந்தோர் பட்டியலில்தான் இருக்கும். தலை நிற்க, உட்கார, நடக்க எல்லாமே தாமதம். பிறகு இரண்டு, மூன்று வயதுவாக்கில் மெல்ல எடை ஏறும். "பால் குடிக்கவே தெரியாம கெடந்த புள்ள, இப்ப சோறு கேக்குது பாருங்க டீச்சர்" என்று தாய் கண் கலங்கச் சொல்வாள். நீங்களும் உங்கள் சத்துமாவுதான் பலன் கொடுத்தது என்று நினைப்பீர்கள். அப்படி நினைப்பது இயல்புதான். சில வருஷத்தில் அந்தப் பசி எல்லை மீறும். அடுக்களையைப் பூட்ட வேண்டிவரும், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் டிபன் பாக்ஸ் காணாமல் போகும். குழந்தை குள்ளம், கையும் பாதமும் வயசுக்குச் சிறிது. வளர்ச்சி அட்டையை முதல் பக்கத்திலிருந்து பார்த்தால் இந்தக் கதை முழுக்க அதில் இருக்கும்: கீழே கிடந்த கோடு நடுவைத் தாண்டி மேலே போயிருக்கும். ஒரு மாதத்து எடையை மட்டும் பார்க்கும் டாக்டருக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

இரண்டாவது பார்டே-பீடில். இதில் பெரும்பாலும் குழந்தை பிறக்கும்போது கையிலோ காலிலோ ஆறாவது விரல் இருக்கும். நம் பக்கம் அதை அதிர்ஷ்டம் என்று வைத்துக்கொள்வார்கள். இல்லாவிட்டால் சின்ன விரலாக இருந்தால் நூல் கட்டி விழவைத்துவிடுவார்கள், ஒரு மச்சம் மாதிரித் தழும்புதான் மிஞ்சும். அதனால் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். முதல் சில வருஷங்களிலேயே எடை ஏறும். பள்ளிக்கூட வயதில் பொழுது சாய்ந்தால் கண் தெரியாமல் தடுக்கி விழும். மாலைக்கண் என்றவுடன் வைட்டமின் ஏ சொட்டு மருந்து நம் நினைவுக்கு வரும், கொடுங்கள், தப்பில்லை. ஆனால் ஆறு விரலோடு பிறந்து, பருமனாகவும் இருக்கும் பிள்ளைக்கு மாலைக்கண் வந்தால் அது விழித்திரையே கெட்டுக்கொண்டிருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். சொட்டு மருந்தோடு நிறுத்தக் கூடாது. இந்தப் பிள்ளைகளுக்குச் சிறுநீரகமும் பழுதாகக்கூடும். பருமன் என்று திட்டிக்கொண்டே இருந்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வயதில் கண்ணும் போய்ச் சிறுநீரகமும் போன பிறகு கண்டுபிடிப்பதைப் போன்ற கொடுமை வேறு இல்லை.

மரபணுவைச் சொன்னதும் சொந்தத்தில் கல்யாணம் என்ற பேச்சு வந்தே தீரும். 2019-21 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 100க்கு 28 கல்யாணங்கள் இரத்த உறவுக்குள் நடந்தவை. நாட்டிலேயே மிக அதிகம் இங்கேதான். தாய்மாமனுக்குக் கொடுப்பதும் அத்தை மகனுக்குக் கொடுப்பதும் நமக்கு உறவை விட்டுவிடாமல் பிடித்து வைக்கும் வழி. ஆனால் லெப்டின் குறைபாடும் பார்டே-பீடிலும் வரவேண்டுமானால் தாயிடமிருந்து ஒன்றும் தகப்பனிடமிருந்து ஒன்றுமாக இரண்டு பழுதான பிரதிகள் சேர வேண்டும். ஒரே தாத்தா பாட்டியின் வழி வந்தவர்கள் மணந்துகொள்ளும்போது அப்படிச் சேரும் வாய்ப்பு கூடுகிறது. பாகிஸ்தானின் பஞ்சாபில் சொந்தத்துக்குள் மணந்த குடும்பங்களில், கடுமையாகப் பருமனான குழந்தைகளைச் சோதித்த லாகூர் ஆய்வுக் குழு, அவர்களில் ஏறக்குறைய 100க்கு 30 பேருக்கு ஒற்றை மரபணுக் கோளாறே காரணம் என்று 2015இல் சொன்னது. ஐரோப்பாவில் இது மிகக் குறைவு. மணமுறையில் நமக்கும் அந்தப் பாகிஸ்தான் குடும்பங்களுக்கும் ஒற்றுமை அதிகம். ஆகவே நம் ஊரில் தேடாமல் இருப்பதற்கு நியாயமே இல்லை.

இதைச் சொல்லும்போது இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். சொந்தத்தில் மணந்தவர்களுக்குப் பிறக்கும் பெரும்பாலான குழந்தைகள் ஆரோக்கியமாகவே இருக்கிறார்கள். ஏதாவது பிறவிக் குறை என்பது சாதாரணமாக 100க்கு மூன்று என்றால், அத்தை மகன், மாமன் மகள் உறவில் அது ஐந்து, ஆறு ஆகிறது. "சொந்தத்துல கட்டினதுக்குத் தண்டனை" என்று ஒரு குடும்பத்தின் முகத்துக்கு நேரே சொல்லும் உரிமை நமக்கு இல்லை. அவர்களுக்குத் தேவைப்படுவது வேறு: இரண்டு பிரதியும் பழுதாகி வந்த கோளாறு என்றால் அடுத்த குழந்தைக்கும் அதே கோளாறு வர நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு என்ற தகவலும், கருத்தரிப்பதற்கு முன்பே மரபியல் மருத்துவரைப் பார்க்கும் வழியும்.

இந்த மடலை எழுத வைத்ததே தாயைக் குற்றவாளியாக்கும் பழக்கம்தான். இது நம் ஊரோடு நிற்கவில்லை. இங்கிலாந்தில் கடுமையாகப் பருமனான சில குழந்தைகளை, பெற்றோரே வேண்டுமென்று அளவுக்கு மீறி ஊட்டுகிறார்கள் என்று கருதி, அரசின் சமூகநலத் துறை "ஆபத்தில் உள்ள குழந்தைகள்" பட்டியலில் சேர்த்து வைத்திருந்தது. 2009இல் கேம்பிரிட்ஜ் குழு அந்தக் குழந்தைகளுக்கு, மரபணுக்கள் அடங்கிய 16ஆம் குரோமோசோமில் ஒரு துண்டே இல்லை என்று கண்டுபிடித்தது. அதன் பிறகுதான் பெயர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. படித்த நாட்டில், சட்டம் தெரிந்த அதிகாரிகள் செய்த காரியம் இது. நம் ஊரில் பட்டியல் கிடையாது; மாமியாரும் தெருவும் பள்ளிக்கூடமும் அந்த வேலையைச் செய்துவிடுகின்றன. பிராடர்-வில்லி கோளாறில், தகப்பன் வழியாக வந்து வேலை செய்ய வேண்டிய 15ஆம் குரோமோசோம் பகுதிதான் இல்லாமல் போகிறது. பெரும்பாலும் கரு உருவாகும் நேரத்தில் தற்செயலாக நேர்வது. ஆனாலும் திட்டு வாங்குபவள் தாய்தான். தகப்பனைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. இதில் குற்றவாளி என்று யாருமே இல்லை.

சேத்துப்பட்டில் இருப்பவர்களுக்கு இதைப் புரியவைப்பது சிரமமாக இருக்கக் கூடாது. இந்த ஊரில்தான் புனித தாமஸ் மருத்துவமனையும் தொழுநோய் மையமும் இருக்கின்றன. வீட்டார் விரட்டிவிட்டவர்களின் புண்ணைக் கழுவிக் கட்டிய கைகளை இந்த ஊர் பார்த்திருக்கிறது. தொழுநோயை நம் முன்னோர் பாவம் என்றார்கள். ஐரோப்பிய மருத்துவர்கள் பரம்பரை வியாதி என்றார்கள். 1873இல் நார்வேயின் ஹான்சன் கிருமியைக் கண்டுபிடித்த பிறகுதான் இரண்டு பேச்சும் ஆட்டம் கண்டன. உடம்பைப் பார்த்து ஒருவரின் குணத்தையும் குலத்தையும் தீர்மானிப்பது எவ்வளவு பெரிய தவறு என்பதை இந்த ஊர் ஒரு முறை கற்றுக்கொண்டது. "குண்டு", "பூசணிக்கா", "பீப்பா" என்று மூன்று வயதுப் பிள்ளைக்குப் பட்டப்பெயர் வைக்கும்போதும் அதே தவறைத்தான் செய்கிறோம். உங்கள் மையத்துக்குள் அந்தப் பெயர்கள் நுழையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். விருந்தாளியாக வந்த பெரியவர்கள் சொன்னாலும் தடுத்துவிடுங்கள்.

அதே சமயம், பருமனான பிள்ளைக்கெல்லாம் மரபணுதான் காரணம் என்று யாராவது முடிவு கட்டினால் அதுவும் ஆபத்து. டாக்டர் வி. மோகனின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் சென்னையில் 51 பள்ளிகளில், ஆறு முதல் பதினேழு வயது வரையிலான 18,955 பிள்ளைகளை அளந்து பார்த்தது. 2014இல் வெளியான முடிவு: எடை மிகுந்த பிள்ளைகள் தனியார் பள்ளிகளில் 100க்கு 21.4 பேர், அரசுப் பள்ளிகளில் 3.6 பேர். ஒரே நகரம், ஒரே மக்கள். பள்ளி மாறினால் மரபணு மாறாது. மாறியது வீட்டின் கைச்செலவுப் பணம், கடையில் வாங்கித் தின்னும் பண்டம், நடந்து போகிறார்களா வேனில் போகிறார்களா என்பது. அந்த வித்தியாசம் இப்போது சேத்துப்பட்டுக்கும் வந்துகொண்டிருக்கிறது. அஞ்சு ரூபாய் பாக்கெட் தொங்காத பெட்டிக்கடை ஒன்று காட்டுங்கள் பார்க்கலாம்.

சாதாரணப் பருமனிலும் மரபணுவுக்குப் பங்கு உண்டு. அது வேறு விதமானது. நூற்றுக்கணக்கான மரபணு வேறுபாடுகள் ஒவ்வொன்றும் துளித்துளியாகத் தள்ளுகின்றன. 2007இல் தெரியவந்த எஃப்.டி.ஓ. அவற்றில் பெரியது, அதன் இரண்டு பிரதியும் உள்ள ஐரோப்பியப் பெரியவர் மற்றவரைவிடச் சராசரியாக மூன்று கிலோ கூடுதல், அவ்வளவே. இதே மரபணுவுக்குத் தென்னிந்தியரிடமும் பருமனோடு தொடர்பு இருப்பதாகச் சென்னை நிறுவனத்தின் டாக்டர் ராதா வெங்கடேசனும் சக ஆய்வாளர்களும் 2011இல் எழுதினார்கள். ஸ்காட்லாந்தில் நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகளுக்கு விருப்பம் போலச் சாப்பிடச் சொல்லிப் பார்த்தபோது, இந்த வேறுபாடு உள்ள பிள்ளைகள் கொழுப்பும் இனிப்பும் கூடின பண்டத்தைக் கொஞ்சம் அதிகமாக எடுத்தார்கள்; உடம்பு செலவழிக்கும் சக்தியில் குறை ஒன்றும் இல்லை. அதாவது, ஒரே தாய் ஒரே அடுப்பில் சமைத்துப் போட்டாலும் ஒரு பிள்ளைக்கு "போதும்" என்பது சீக்கிரம் வரும், இன்னொன்றுக்குத் தாமதமாக வரும். இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு மரபணுச் சோதனை வேண்டாம். கண் முன்னால் பாக்கெட் இல்லாத வீடும், ஓடி விளையாட இடமும்தான் வேண்டும்.

அப்படியானால் யாரை அனுப்புவது? ஐந்து வயதுக்கு முன்பே, அதிலும் இரண்டு வயதுக்கு முன்பே, உயரத்துக்கு உரிய எடையை வெகுவாகத் தாண்டி, மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும் பிள்ளையை. சாப்பிட்டு முடித்த கையோடு மறுபடி கேட்டு அழும், ராத்திரி எழுந்து தேடித் தின்னும், கீழே விழுந்ததையும் பச்சையாக இருப்பதையும் எடுத்து வாயில் போடும் பிள்ளையை. முக்கியமாக, உயரத்தைப் பாருங்கள். அதிகம் சாப்பிட்டுப் பருமனான பிள்ளை பெரும்பாலும் வயசுக்கு உயரமாகவே இருக்கும். குள்ளமாகவும் பருமனாகவும் இருந்தால் தைராய்டு சுரப்பிக் குறைவாகவோ வேறு கோளாறாகவோ இருக்கலாம். தைராய்டு என்றால் தினமும் ஒரு மாத்திரையில் சரிசெய்யக்கூடிய விஷயம், அதைத் தவறவிட்டால் அறிவு வளர்ச்சியே கெட்டுவிடும். பேச்சு, நடை தாமதம், ஆறாவது விரல், பார்வைக் குறை, பையனுக்கு விதை இறங்காமல் இருப்பது, குடும்பத்தில் இதே மாதிரி இன்னொரு குழந்தை, இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்க வேண்டாம். வீசிங்குக்கோ நெஃப்ராட்டிக் வீக்கத்துக்கோ ஸ்டீராய்டு மருந்து நாள்கணக்கில் கொடுத்திருக்கிறார்களா என்றும் கேளுங்கள். அதனாலும் முகம் உப்பி எடை ஏறும். ஆனால் டாக்டரைக் கேட்காமல் அந்த மருந்தைத் திடீரென்று நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள்.

கழுத்தின் பின்பக்கமும் அக்குளிலும் வெல்வெட் மாதிரிக் கறுத்திருந்தால், தாய் அதை அழுக்கு என்று நினைத்துப் பீர்க்கங்காய் நார் போட்டுத் தேய்த்துக்கொண்டிருப்பாள். தோல் சிவந்து புண்ணாகியிருப்பதைக்கூடப் பார்க்கலாம். தேய்ப்பதை நிறுத்தச் சொல்லுங்கள். இன்சுலின் சரியாக வேலை செய்யவில்லை என்பதை உடம்பு அப்படிக் காட்டுகிறது. பிள்ளைக்குச் சர்க்கரைச் சோதனை செய்ய வேண்டும்.

"கண்டுபுடிச்சு என்ன பண்றது, மருந்து இருக்கா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. லெப்டின் வழியில் வரும் சில கோளாறுகளுக்கு செட்மெலனோடைடு என்ற ஊசியை அமெரிக்கா 2020இல் அனுமதித்தது, 2022இல் பார்டே-பீடிலுக்கும் சேர்த்தது. நம் குடும்பங்களின் கைக்கு எட்டாத விலை அது. வளர்ச்சி ஹார்மோன் ஊசி பிராடர்-வில்லி பிள்ளைகளின் தசையையும் உயரத்தையும் தேற்றுகிறது. 2021ஆம் ஆண்டின் தேசிய அரிய நோய்க் கொள்கை அதைத் தன் பட்டியலில் வைத்திருக்கிறது. ஊசி எதுவும் கிடைக்காவிட்டாலும், பெயர் தெரிந்த நோய்க்கும் பெயர் தெரியாத நோய்க்கும் பெரிய வித்தியாசம் உண்டு. கண்ணையும் சிறுநீரகத்தையும் வருஷா வருஷம் பார்க்கலாம். சாப்பாட்டு அலமாரியைப் பூட்டுவது கொடுமை ஆகாது, மருத்துவம் என்று வீட்டார் தெரிந்துகொள்ளலாம். ஆளாளுக்குப் பரிதாபப்பட்டுத் தின்பண்டம் கொடுக்காமல் தெருவே ஒத்துழைக்கலாம். தாய் தலை நிமிர்ந்து நடக்கலாம்.

எங்கே அனுப்புவது என்பது உங்களுக்குத் தெரிந்த வழிதான். பிறப்பு முதல் 18 வயது வரை பிள்ளைகளைப் பரிசோதிக்கும் ஆர்.பி.எஸ்.கே. திட்டம் 2013 முதல் இருக்கிறது. அதன் நடமாடும் மருத்துவக் குழு அங்கன்வாடிக்கு வருஷத்துக்கு இரண்டு முறை வர வேண்டும். எடை குறைந்த பிள்ளைகளை வரிசையில் நிறுத்தும்போது இந்தப் பிள்ளையையும் சேர்த்து நிறுத்துங்கள். அங்கிருந்து போளூர் வழியாகத் திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரிக்கு அனுப்பலாம். அதற்கு மேல் தேவைப்பட்டால் ஆரணி வழியாக வேலூர் சி.எம்.சி. இருக்கிறது, மரபியல் பிரிவும் ஹார்மோன் பிரிவும் அங்கே உண்டு. சென்னையில் எழும்பூர் குழந்தைகள் மருத்துவமனை இருக்கிறது.

பிள்ளையை வெறுங்கையோடு அனுப்பாதீர்கள். ஒரு முழுத் தாளில் நீங்களே எழுதிக் கொடுங்கள்: பிறந்த எடை, பால் உறிஞ்சியதா, ஒவ்வொரு மாதத்து எடையும் உயரமும் தேதியோடு, தலை நின்றது எப்போது, நடந்தது எப்போது, விரல் ஏதாவது எடுத்தார்களா, தாயும் தகப்பனும் என்ன முறை, தாய் தகப்பனின் உயரம், வீட்டில் வேறு யாருக்காவது இப்படி உண்டா, என்ன மருந்து கொடுக்கிறார்கள். இந்தத் தாளைப் பார்த்தால் எந்த டாக்டரும் "சோத்தைக் கொறைங்க" என்று ஒரே வரியில் முடித்துவிட முடியாது. தாயிடம் தனியாக, மாமியார் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து, "இதுல உன் தப்பு எதுவும் இல்ல கண்ணு, டாக்டர் ஒருதரம் பாக்கட்டும், நானும் கூட வர்றேன்" என்று சொல்லுங்கள். முடிந்தால் முதல் முறை கூடப் போங்கள். திரும்பி வந்ததும் டாக்டர் என்ன எழுதினார் என்பதை உங்கள் பதிவேட்டிலும் குறித்து வையுங்கள், அடுத்த மாத எடைக்குப் பக்கத்திலேயே.

இப்படிக்கு,
உங்கள் பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஆரணி